தின்றும் தேறாத மாடு

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆடு மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டு சந்தைகளும் நன்கு பழக்கமானவை. விடியுமுன்பே வண்டிகள் வந்து நிற்கும். தரகர் துண்டைப் போட்டு, அதற்குள் கையைப் பிடித்து, விரல் கணக்கில் விலை பேசுவார். பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள். வாலைத் தூக்கிப் பார்ப்பவர்கள் மட்டும் குறைவு.

வாலிலும் பின்னந்தொடையிலும் சாணம் அப்பி, விலா எலும்பு தெரிய நிற்கும் பசு ஒன்றை வாங்குபவர் கேட்கிறார்: "என்னங்கண்ணா, வயிறு போகுதே?" விற்பவர் பக்கத்துத் தரகர் சொல்கிறார்: "ஒண்ணுமில்லைங்க, மழைக்கு வந்த புதுப்புல்லு தின்னுச்சு. நாலு நாள் வைக்கோல் போட்டா நின்னுடும்." விலையும் மலிவு. மாடு கைமாறுகிறது.

நாலு நாள் அல்ல, நாலு மாதமானாலும் அந்தக் கழிச்சல் நிற்காமல் போவதுண்டு. தீனியைக் குறையாமல் தின்னும், தண்ணீர் குடிக்கும், காய்ச்சல் இராது. ஆனாலும் நாளுக்கு நாள் இளைத்துப் பால் வற்றி, கடைசியில் எழ முடியாமல் படுத்துவிடும். இப்படித் தின்றும் தேறாத மாட்டின் நோய்களில் ஒன்று ஜோனிஸ் நோய். பாராடியூபர்குளோசிஸ் என்பது இதன் மற்றொரு பெயர். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி குடலில் குடியேறுவதால் வருவது இது. இந்த நோயில் செத்துப்போகும் மாட்டைவிட, விற்றுப்போகும் மாடுதான் அதிக நஷ்டத்தை உண்டாக்குகிறது.

நோயின் அடையாளங்கள்

மாடுகளில் பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள், அதிலும் முதல் அல்லது இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு நோய் வெளியில் தெரிகிறது. கன்று ஈன்ற களைப்பும், கறவையின் சுமையும் சேரும்போது உள்ளே பதுங்கியிருந்த நோய் தலைதூக்குகிறது.

முதலில் பால் குறையும். பிறகு சாணம் இளகும். பட்டாணிச் சாறு போல ஒரே சீராக நீர்த்துப் பீய்ச்சும். அதில் இரத்தமோ சளியோ சாதாரணமாக இராது. மாடு முக்குவதும் இல்லை. சில நாள் நின்று, மறுபடி தொடங்கும். குடற்சுவர் தடித்து, மூளையின் மடிப்புகளைப் போலச் சுருக்கம் விழுந்துவிடுவதால் தின்ற தீனியின் சத்து உடம்பில் சேர்வதில்லை. இரத்தத்திலுள்ள புரதச்சத்தும் குடல் வழியே கசிந்து போகிறது. இதனால் கீழ்த்தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும்.

வெள்ளாட்டிலும் செம்மறியாட்டிலும் இந்த நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பல ஆடுகளுக்குக் கழிச்சலே இராது. புழுக்கை புழுக்கையாகவே விழும். ஆடு மட்டும் மெலிந்து, ரோமம் உதிர்ந்து, மந்தையில் பின்தங்கிப் போகும். "மேய்ச்சல் போதவில்லை", "புழு விழுந்திருக்கிறது" என்று ஆட்டுக்காரர் நினைத்துக்கொள்வார்.

இளைப்பும் தாடை வீக்கமும் குடற்புழுவாலும், ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவாலும் கூட வரும். ஆகவே மெலிந்த மாடெல்லாம் ஜோனிஸ் மாடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதலில் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு மருந்து கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்தும் கழிச்சல் நிற்காவிட்டால், அடுத்த சந்தேகம் இந்த நோயாக இருக்க வேண்டும்.

விலைக்கு வாங்கிய பசுவிலிருந்து

இந்த நோயின் வரலாறே விலைக்கு வாங்கிய ஒரு பசுவில்தான் தொடங்குகிறது. 1894-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பகுதியில் ஒரு விவசாயி பசு ஒன்றை வாங்கினார். அது பால் கொடுக்கவில்லை, தேறவும் இல்லை. காசநோயோ என்று சோதித்தபோது அதுவும் இல்லை என்றாயிற்று. பசு இறந்தபின் அதன் குடல் டிரெஸ்டன் நகரக் கால்நடை நோய்க்கூற்று நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஜோனே என்ற பேராசிரியரும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஃபிராதிங்ஹாம் என்பவரும் குடற்சுவரில் கூட்டம் கூட்டமாகக் கிருமிகளைக் கண்டு 1895-இல் எழுதினார்கள். அவர்கள் அதைக் காசநோயின் ஒரு வகை என்றே எண்ணினார்கள். இது தனி நோய் என்பதை 1906-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் பேங் எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தில் டுவோர்ட்டும் இங்கிராமும் 1912-இல் இந்தக் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்டினார்கள்.

அதை வளர்ப்பது எளிதாக இருக்கவில்லை. மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். இதுவோ கண்ணுக்குத் தெரிய 2 முதல் 4 மாதம் வரை எடுத்துக்கொள்கிறது. இரும்புச் சத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் திறன் இதற்கு இல்லை. இதன் சுற்றத்தைச் சேர்ந்த வேறு கிருமிகளிலிருந்து எடுத்த மைக்கோபாக்டின் என்ற பொருளை ஊட்டினால்தான் வளரும். உடலுக்கு வெளியே இது பெருகுவதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் பெருகாவிட்டாலும் எளிதில் சாவதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், நிழலான வறண்ட இடத்தில் கிடந்த சாணத்தில் இந்தக் கிருமி 55 வாரம் வரை உயிரோடு இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடிவண்டலில் 48 வாரம் வரை தாக்குப்பிடித்தது. வெயில் படும் திறந்த தரையில் மட்டும் சீக்கிரம் குறைந்தது.

கன்றில் தொற்றி, பசுவில் தெரிகிறது

நோய் கண்ட மாட்டின் ஒரு கிராம் சாணத்தில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். அந்தச் சாணம் பட்ட காம்பைச் சப்பும் கன்று, அது சிதறிய தண்ணீரைக் குடிக்கும் கன்று, அது ஒட்டிய புல்லைக் கடிக்கும் கன்று ஆகியவற்றுக்கு நோய் தொற்றுகிறது. சீம்பாலிலும் பாலிலும் கிருமி இறங்குகிறது. நோய் முற்றிய தாயிடமிருந்து கருவிலிருக்கும் கன்றுக்கே தொற்றுவதும் உண்டு. பிறந்த முதல் 6 மாதம்தான் ஆபத்தான காலம். வளர்ந்த மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி கூடுதல் என்பதால் அவ்வளவு எளிதில் தொற்றாது.

கன்றாக இருந்தபோது தொற்றிய கிருமி, குடற்சுவரிலுள்ள இரத்த அணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்கிறது. ஆண்டுக் கணக்கில் எந்த அடையாளமும் இல்லை. கிடேரி நன்றாக வளரும், சினைப்படும், கன்று ஈனும். இந்தக் காலத்திலேயே விட்டுவிட்டுச் சாணத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டும் இருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் இந்த நோயைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிடுவார்கள். வெளியே தெரிவது நுனிதான். மந்தையில் ஒரு மாடு கழிச்சலில் விழுந்தால், அதே மந்தையில் நோய் தொற்றிய மாடுகள் இன்னும் 15 முதல் 25 வரை இருக்கலாம் என்பது மேல்நாட்டுப் பெரிய பண்ணைகளில் கண்ட கணக்கு. நம்மூரில் வீட்டுக்கு 2 மாடு, 4 மாடு என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரு மாட்டில் நோய் உறுதியானால், அதே கட்டுத்தரையில் வளர்ந்த கிடேரிகளையும், அதன் மகளையும், உடன் வந்த மாடுகளையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது அவசியம்.

மதுராவில் நடந்த ஆராய்ச்சி

இந்தியாவில் இந்த நோயைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்துவரும் இடம், உத்தரப்பிரதேச மாநிலம் மதுரா அருகே மக்தூம் என்ற ஊரிலுள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1979-இல் இது தொடங்கப்பட்டது. யமுனைக் கரையின் புகழ்பெற்ற ஜமுனாபாரி ஆடுகள் இங்கே வளர்க்கப்படுகின்றன. அந்த ஆடுகளிடையே தொடர்ந்து தென்பட்ட மெலிவு நோயைத் தேடிப் போனதில்தான் விஞ்ஞானி எஸ்.வி. சிங்கும் அவர் குழுவினரும் இந்தக் கிருமியின் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். 1985 முதல் 2013 வரை 28 ஆண்டுகளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளிலிருந்து எடுத்த மாதிரிகளை இக்குழு சோதித்தது. பசு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு ஆகிய நான்கிலும் கிருமி காணப்பட்டது.

இந்தக் கிருமியில் மாட்டு வகை, ஆட்டு வகை என்று பிரிவுகள் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துக் காட்டெருமைகளில், அதாவது பைசன் விலங்குகளில், இன்னொரு வகை அடையாளம் காணப்பட்டது. அதற்குப் 'பைசன் வகை' என்று பெயர். இந்திய ஆடுகளிலும் மாடுகளிலும் எடுத்த கிருமிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை இந்தப் பைசன் வகையாகவே இருந்தன. ஒரே வகைக் கிருமி ஆட்டுக்கும் மாட்டுக்கும் வருகிறது என்றால், "ஆட்டு நோய் மாட்டுக்கு ஒட்டாது" என்ற நம்பிக்கையில் இரண்டையும் ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டுவது தவறு என்றாகிறது.

அடுத்து வந்த ஆய்வு காட்டுப் பக்கம் போனது. மதுரா வட்டாரத்தில் நீலகாய் எனப்படும் பெரிய மான் இனம் ஏராளம். அவை கூட்டமாக வயல்களில் புகுந்து மேயும். ஆடுகள் மேயும் தரிசிலும் மேயும். இந்த நீலகாய்களின் சாணத்தைச் சேகரித்துச் சோதித்ததில், அவற்றிலும் ஜோனிஸ் கிருமி இருந்தது. அதே மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த வெள்ளாடு, செம்மறியாடு ஆகியவற்றிலும் அதே பைசன் வகை. 2010-இல் வெளியான இந்த ஆய்வு, பட்டிக்கும் காட்டுக்கும் நடுவே இந்தக் கிருமிக்கு வேலி இல்லை என்பதைக் காட்டியது.

முயலும் மானும்

வெளிநாடுகளிலும் இதே அனுபவம் உண்டு. ஸ்காட்லாந்தில் மாடுகளுக்கு இந்த நோய் திரும்பத் திரும்ப வந்த பண்ணைகளில், 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் சுற்றியிருந்த காட்டு முயல்களைச் சோதித்தார்கள். முயல்களின் குடலிலும் புழுக்கையிலும் கிருமி இருந்தது. மாடுகள் முயல் புழுக்கை கிடக்கும் புல்லை ஒதுக்காமல் மேய்வதால், பண்ணையைச் சுத்தம் செய்தாலும் நோய் மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு வழி என்று கருதப்பட்டது.

கலிபோர்னியாவின் பாயின்ட் ரேஸ் என்ற கடற்கரைப் பகுதியில், அழிந்துபோன டூலே எல்க் மான்களை மறுபடி வாழவைக்க 1978-இல் 10 மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அவற்றில் ஜோனிஸ் நோய் தென்பட்டது. அந்த நிலம் முன்னர்க் கறவைமாடுகள் மேய்ந்த நிலம். பக்கத்தில் பால் பண்ணைகளும் இருந்தன. இங்கே நோய் மாட்டிலிருந்து மானுக்குப் போனது என்றே கருதப்படுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஐஸ்லாந்து தீவில் கிடைத்தது. 1933-இல் உயர்ந்த ரோமம் கிடைக்கும் என்று ஜெர்மனியிலிருந்து 20 காரகுல் செம்மறியாடுகளை அந்நாடு வரவழைத்தது. பார்வைக்கு அவை நல்ல ஆடுகளாகவே இருந்தன. அவற்றோடு ஜோனிஸ் நோயும் வேறு நுரையீரல் நோய்களும் தீவுக்குள் நுழைந்து, மந்தை மந்தையாக ஆடுகள் மடிந்தன. பிறகு தடுப்பூசி போட்டுத்தான் ஜோனிஸ் சாவுகளைக் கட்டுப்படுத்த முடிந்தது. 20 ஆடுகள் ஒரு நாட்டையே ஆட்டிவைத்தன.

ஓசூர்ச் சீமைக்கு ஏன் இந்தப் பேச்சு?

ஓசூர் வட்டாரம் கால்நடைக்குப் பெயர்போன சீமை. மத்திகிரியிலுள்ள அரசு கால்நடைப் பண்ணை படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிப் பின்னர் மாட்டுப் பண்ணையானது. அங்கு வளர்ந்த சிவப்பு சிந்தி மாடுகள் நாடெங்கும் அறியப்பட்டவை. எல்லைக்கு இருபுறமும் ஹள்ளிகார் எருதுகள், தெற்கே காவிரிக் காட்டோரம் ஆலம்பாடி மாடுகள், குருபர் ஓட்டும் செம்மறி மந்தைகள் என்று பழைய வளமும் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்து, ஓசூர் மாநகராட்சியாகி, பெங்களூரும் நெருங்கி வந்தபின் பாலுக்குத் தேவை பெருகிவிட்டது. பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கலப்பின மாடு வைத்து, மகன் ஆலைக்கும் தாய் பால் சொசைட்டிக்கும் போகும் குடும்பங்கள் பல.

இந்தச் சூழலில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மாடு எல்லை தாண்டி வருகிறது. கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சந்தைக்கு வரும் மாட்டின் தாய் எது, எந்தக் கட்டுத்தரையில் வளர்ந்தது என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. கோமாரிக்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்பவர்கூட, அதன் தாய்க்குக் கழிச்சல் இருந்ததா என்று கேட்பதில்லை.

இரண்டாவது, இடம் சுருங்கிவிட்டது. வீட்டுமனையாகிப்போன மேய்க்கால் போக, மிஞ்சியது கொட்டகை அளவுதான். அதில் தாய்மாடும் கன்றும் அடுத்தடுத்துக் கட்டப்படுகின்றன. தாயின் சாணம் வழியும் காடியோரமே கன்று படுக்கிறது. நோய்க்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

மூன்றாவது, கிடை. அறுவடையான காட்டில் செம்மறிக் கிடை போட்டால் நிலத்துக்கு நல்ல உரம். அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கிடை போட்ட நிலத்தில் உடனே தீவனப்புல் வளர்த்து, அதை இளங்கன்றுக்கு அறுத்துப் போடுவது வேறு விஷயம்.

நான்காவது, காடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்காடுகள் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தைச் சேர்ந்தவை. பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. கர்நாடகக் காடுகளோடு தொடர்ந்துபோகும் இக்காடுகளில் காட்டெருது, கடமான், புள்ளிமான் போன்ற அசைபோடும் விலங்குகள் வாழ்கின்றன. கோடையில் நீர் வற்றும்போது பட்டி மாடும் காட்டெருதும் ஒரே குட்டையில் இறங்குகின்றன. மதுராவில் ஆட்டுக்கும் நீலகாய்க்கும் பொதுவாக இருந்தது மேய்ச்சல் தரிசு. இங்கே பொதுவாக இருப்பது இந்தக் குட்டை.

சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுள் மேய்ச்சல் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் சொன்னது. பட்டி மாடுகளை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது கசப்பான செய்தியே. ஆயினும் இந்த நோயைப் பொறுத்தவரை ஒன்று சொல்லத்தான் வேண்டும். பட்டியில் வந்த நோய்க்கு மருத்துவர் உண்டு. ஒதுக்கிக் கட்டக் கயிறு உண்டு. காட்டெருதுக் கூட்டத்தில் பரவிய நோயைப் பிடித்துக் கட்ட எவராலும் முடியாது. காடு ஒருமுறை நோயை வாங்கிக்கொண்டால், அடுத்த தலைமுறைக் கன்றுக்கு அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். ஆகவே கழிச்சல் கண்ட மாட்டைக் காட்டு மேய்ச்சலுக்கு விரட்டிவிடுவது, செலவில்லாத வழி போலத் தோன்றினாலும் பெருந்தவறு. காட்டு விலங்கைப் பார்த்துப் பயப்படவும், அதை விரட்டி வதைக்கவும் இதில் காரணம் எதுவும் இல்லை.

சோதனையும் தடுப்பூசியும்

நோய் கண்ட மாட்டைக் குணப்படுத்த நடைமுறைக்கு உகந்த மருந்து இன்றளவும் இல்லை. கழிச்சலை நிறுத்தும் மருந்துகள் சில நாள் நிறுத்தும். பிறகு பழைய கதைதான். அந்தச் சில நாளைப் பயன்படுத்திச் சந்தைக்கு ஓட்டுவதுதான் நோய் ஊர் ஊராகப் போகக் காரணம்.

சோதனைகள் பல உண்டு. சாணத்தையோ மலக்குடலிலிருந்து சுரண்டிய பூச்சையோ கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பு நிறக் குச்சிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். இதுதான் செலவு குறைந்த முதற்சோதனை. ஜோனின் என்ற பொருளைத் தோலில் செலுத்தித் தடிப்பைப் பார்ப்பது பழைய முறை. இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் எலைசா சோதனையும், சாணத்திலோ பாலிலோ கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் இப்போது உள்ளன. கால்நடை உதவி மருத்துவரிடம் சொன்னால், மாதிரி எடுத்து நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கோ அனுப்ப வழி சொல்வார்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. கழிச்சல் உள்ள மாட்டில் சோதனை பெரும்பாலும் பிடித்துவிடும். தொற்று தொடங்கிய இளம் மாட்டில் சோதனை "இல்லை" என்று சொன்னாலும் நம்பிவிட முடியாது. 6 மாதம், ஓராண்டு இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும்.

மதுரா நிலையத்தார் ஜமுனாபாரி ஆட்டிலிருந்து எடுத்த பைசன் வகைக் கிருமியைக் கொன்று, அதிலிருந்து தடுப்பூசி தயாரித்தார்கள். வெளிநாட்டுத் தடுப்பூசி ஒன்றோடு ஒப்பிட்டு அவர்கள் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. உள்நாட்டுத் தடுப்பூசி போட்ட ஆடுகள் எடை கூடின, சாவு குறைந்தது, கிருமியை வெளியேற்றுவதும் குறைந்தது. பின்னர் இதைப் பெருமளவில் தயாரிக்கப் பெங்களூரைச் சேர்ந்த பயோவெட் நிறுவனத்தோடு கைகோத்தார்கள். அந்நிறுவனத்தின் தொழிற்கூடம் ஓசூருக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள மாலூரில்தான் இருக்கிறது.

தடுப்பூசி நோயின் கொடுமையையும் பரவலையும் குறைக்குமே தவிர, அடியோடு ஒழித்துவிடாது. ஊசி போட்ட இடத்தில் கட்டி வரலாம். காசநோய்க்காகச் செய்யும் தோல் சோதனையில் குழப்பம் உண்டாகலாம். போடுபவர் கையில் தவறிக் குத்திவிட்டால் கடுமையான வீக்கம் வரும். ஆகவே மந்தையில் நோய் உறுதியான இடத்தில், மருத்துவர் யோசனைப்படி, அவர் கையாலேயே போடுவது நல்லது.

கன்றைக் காத்தால் மந்தையைக் காத்ததாகும்

ஜோனிஸ் நோயை விரட்டும் வேலை முழுவதும் கன்றின் முதல் 6 மாதத்தில் அடங்கியிருக்கிறது. அதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை.

1. சினை மாட்டை ஈனும் நாளுக்கு முன்பே உலர்ந்த, சாணம் இல்லாத தனி இடத்தில் கட்டுக. புது வைக்கோல் பரப்புக.

2. கன்று காம்பைத் தொடுமுன் மடியையும் பின்னந்தொடையையும் கழுவித் துடைக்க வேண்டும். சீம்பாலைத் தவறாமல் கொடுக்க வேண்டும். தாய்க்கு நோய்ச் சந்தேகம் இருந்தால் அதன் சீம்பாலை விட்டு, நோயில்லாத வேறு பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம்.

3. கன்றுக்குத் தனி மூலை, தனித் தொட்டி, தனி வாளி. கொட்டகையின் மேட்டுப் பக்கம் கன்று, தாழ்ந்த பக்கம் மாடு. காலையில் கன்றைக் கவனித்துவிட்டு மாட்டிடம் போக வேண்டும். மாட்டுச் சாணம் மிதித்த காலோடு கன்றிடம் போகக்கூடாது.

4. தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை அடிவண்டலோடு கழுவிக் கவிழ்த்து, வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும். குட்டையில் குடிக்கவிடாமல் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டும்.

5. பச்சைச் சாணத்தைத் தீவனப்புல்லுக்குப் போடக்கூடாது. குவித்து, சூடேறி நன்றாக மக்கியபின் போட வேண்டும். சாணம் போட்ட நிலத்தின் புல்லை வளர்ந்த மாட்டுக்கு மட்டும் போட்டு, கன்றுக்கு வேறு புல் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. நோய்ப்பட்ட பசுவின் கிடேரியை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மாடு வாங்குவோர் சந்தையைவிட, வளர்த்தவர் வீட்டிலேயே போய் வாங்குவது மேல். அங்கே தாயையும் பார்க்கலாம், கட்டுத்தரையையும் பார்க்கலாம். மற்ற மாடுகளின் வாலைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். வாங்கிவந்த மாட்டை உடனே பழைய மாடுகளோடு சேர்க்காமல் 3 வாரமாவது ஒதுக்கிக் கட்டிப் பார்ப்பது மற்ற நோய்களுக்கும் நல்ல காவல்.

பால் குடிக்கலாமா?

மனிதருக்குக் குரோன் நோய் என்ற நாட்பட்ட குடல் நோய் ஒன்று உண்டு. அதற்கும் மாட்டின் ஜோனிஸ் நோய்க்கும் உருவ ஒற்றுமை இருப்பதை 1913-லேயே கிளாஸ்கோ நகர மருத்துவர் டால்ஸியல் குறிப்பிட்டார். நோயாளிகள் சிலரிடம் இந்தக் கிருமி காணப்பட்டதாகப் பின்னர் ஆய்வுகள் வந்தன. ஆனால் இக்கிருமிதான் அந்நோய்க்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது. வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். பச்சைப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், காசநோய், புருசெல்லா ஆகியவற்றை எண்ணியாவது அதை விட்டுவிட வேண்டும். கழிச்சலில் கிடக்கும் மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுவது முறையல்ல.

விற்பதா, வைத்திருப்பதா?

கடைசியில் கேள்வி அந்தப் பசுவிடமே வந்து நிற்கிறது. கடன் வாங்கி வாங்கிய மாடு. தவணை இன்னும் முடியவில்லை. இன்று சந்தைக்கு ஓட்டினால் பாதி விலையாவது தேறும். வைத்திருந்தால் தீனிக்கும் தெண்டம். அடுத்தவன் பார்த்துத்தானே வாங்குகிறான் என்று மனம் சமாதானம் சொல்கிறது. ஏழை விவசாயியின் இந்தத் தவிப்பை எளிதாகப் பேசிவிட முடியாது.

ஆனால் அந்த மாட்டை வாங்கிப் போகிறவரும் கடன் வாங்கித்தான் வந்திருப்பார். அவர் வீட்டிலும் ஒரு கன்று இருக்கும். இன்று தொற்றினால் அந்தக் கன்று மூன்று ஆண்டு கழித்து, தலையீற்றுக்குப் பிறகு கழிய ஆரம்பிக்கும். அப்போது அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிராது. அதுவும் சந்தைக்கு வரும். சுற்றிச் சுற்றி, விற்றவர் வீட்டுக்கே அடுத்த மாடாக வந்து சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை. சந்தை ஒன்றுதான், கயிறு மாற்றிப் பிடிப்பவர்கள்தான் வேறு வேறு.

ஆகவே சந்தேகப்பட்ட மாட்டைக் கறவைக்கென்று இன்னொருவர் கட்டுத்தரைக்கு அனுப்பாமல், கன்றுகளிடமிருந்து விலக்கிக் கட்டி, சாணத்தைச் சோதனைக்கு அனுப்புவதே முதல் வேலை. புழுவாக இருந்தால் மாடு தேறும்; ஓட்டிவிட்டு ஏமாறாமல் தப்பியதாகும். ஜோனிஸ் நோயாகவே இருந்தால், ஒரு மாடு போனதோடு நிற்கும். கொட்டகையிலுள்ள கன்றுகள் பிழைக்கும். கால்நடைத் துறையும் சந்தைகளில் கழிச்சல் கண்ட மாடுகளைத் தனியே நிறுத்திச் சாணம் எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தால், எல்லைப்புற மாவட்டத்துக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிக்குப் போகிறவர்கள் பல்லைப் பார்க்கட்டும், சுழியையும் பார்க்கட்டும். அதோடு ஒருமுறை வாலையும் தூக்கிப் பார்ப்பது நல்லது.